வலியில்லாமல் வரும் மாரடைப்பு
(பொன்விழா மருத்துவ முகாமில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



டாக்டர்கள் பேசுவதற்கு முன் நாம் ஒரே ஒரு செய்தியைச் சொல்ல விரும்புகிறோம். சர்க்கரை வியாதி உள்ளவருக்கு மாரடைப்பு வலியில்லாமலும் வரலாம்.

மாரடைப்பு என்றதும், ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வதுதான் நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் பல ஆண்டுகள் சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருந்தால் நரம்புகள் பழுதடைகின்றன. காலில் முள் தைத்தாலும் சிலருக்குத் தெரிவதில்லை அல்லவா? அதுபோலவே இதயத்தின் வேதனையும் தெரியாமல் போய்விடுகிறது. மூச்சுத் திணறல், குளிர்ந்த வியர்வை, வாந்தி, மயக்கம், காரணமில்லாத அசதி, இவையே அடையாளமாகத் தோன்றலாம்.

நாம் என்ன செய்கிறோம்? வாயுத் தொல்லை என்று சோடா குடிக்கிறோம். ஆவடியிலும் அம்பத்தூரிலும் நைட் ஷிப்ட் முடித்து வருகிறவர், தூக்கமில்லாத களைப்பு என்று படுத்துவிடுகிறார். பிள்ளைகளை ஏன் எழுப்ப வேண்டும் என்று தாய்மார்கள் விடியும்வரை பொறுத்துக்கொள்கிறார்கள்.

2001 முதல் 2005 வரை நம் நாட்டின் 50 நகரங்களில் 20,000க்கும் மேற்பட்ட இதய நோயாளிகளைக் கவனித்தது 'கிரியேட்' ஆய்வு. அவர்களில் 100க்கு 30 பேர் சர்க்கரை உள்ளவர்கள். நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேர் ஆஸ்பத்திரி சேர 6 மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அடைப்பைக் கரைக்கும் மருந்தாகட்டும், பலூன் சிகிச்சையாகட்டும், முதல் சில மணி நேரங்களில்தான் அதிகப் பலன் தரும்.

ஆஸ்பத்திரி சேர்ந்த பிறகும் சர்க்கரை சும்மா இருப்பதில்லை. இரத்தக் குழாய்களில் பல இடங்களில் அடைப்பு இருக்கும். இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோக்கும். சிறுநீரகம் சோர்ந்துபோகும். ஆகவேதான் மாரடைப்புக்குப் பின் இறப்பு சர்க்கரை உள்ளவர்களிடையே அதிகம் என்று பல நாட்டு ஆய்வுகளும் கூறுகின்றன.

ஆனாலும் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் சிறிய ஆஸ்பத்திரிகளையும் ஆம்புலன்சையும் பெரிய இதய மையங்களோடு இணைத்துப் பார்த்தார்கள். மாரடைப்பு வந்து ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 100க்கு 17.6 என்பதிலிருந்து 14.2 ஆகக் குறைந்ததாக 2017இல் வெளியான ஆய்வு சொல்கிறது. ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்தனுப்பும் 'இதயம் காப்போம்' திட்டமும் 2023இல் தொடங்கியது.

ஆகவே, சர்க்கரை உள்ளவருக்குத் திடீரென வியர்த்தால், சர்க்கரை இறங்கிவிட்டது என்று சீனி கொடுப்பது சரிதான். அதற்கும் தெளியாவிட்டால், அல்லது மூச்சுத் திணறினால், காத்திருக்க வேண்டாம். ஆஸ்பத்திரியில் நுழைந்ததும் சர்க்கரை உண்டென்று முதலில் சொல்லுங்கள். மருந்துச் சீட்டை வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள். முப்பது வயதைக் கடந்தவர்கள் இன்றே இங்கே இரத்தம் கொடுத்துச் சோதித்துக்கொள்ளுங்கள்.

நோயில்பூசுதலுக்கு எந்த நள்ளிரவிலும் நம்மை அழைக்கலாம், தயங்காமல் வருவோம். ஆனால் முதலில் 108ஐ அழையுங்கள்; அதன்பின் நம்மை அழையுங்கள்.