பூட்டை மாற்றுவதற்கு முன் கதவைத் திறந்து வையுங்கள்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் நம் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சின் போக்கிலேயே சற்றுச் சுருக்கித் தந்திருக்கிறோம்.)

செங்கல்பட்டில் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஹார்டுவேர் கடை வைத்திருந்தவன் நான். அதனால் லிஃப்டில் பார்க்கிறவர்கள் எல்லாம் என்னிடம் பூட்டைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட எல்லோரும் இருக்கும்போது ஒரே தடவையாகச் சொல்லிவிடுங்கள் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார்.

முதலில் நம் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு பக்கம் வங்காள விரிகுடா, மறுபக்கம் பக்கிங்காம் கால்வாய். 2013 முதல் இங்கே நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஓடுகிறது. அங்கே செலவு செய்து பிரித்தெடுக்கும் உப்பு, நம் வீட்டு வாசலுக்குக் காற்றிலேயே இலவசமாக வந்து சேர்கிறது. நகரத்துக்குள் பத்து வருஷம் உழைக்கிற கைப்பிடி, இங்கே இரண்டு மூன்று வருஷத்தில் புள்ளி புள்ளியாகப் பொரிந்துவிடுவதற்கு இதுதான் காரணம். கட்டடம் கட்டியவர் மாட்டிக் கொடுத்த அதே பொருளை மறுபடியும் வாங்கி மாட்டினால், மறுபடியும் அதே கதைதான்.

பூட்டு மக்கர் பண்ணுகிறது என்றால் கடைக்குப் போவதற்கு முன் ஒரே ஒரு சோதனை செய்து பாருங்கள். கதவை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். திறந்த கதவில் நாக்கு சுலபமாக வெளியே வந்து உள்ளே போகிறதா? போனால் உங்கள் பூட்டில் ஒரு கோளாறும் இல்லை. கோளாறு கதவில் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் ஈரத்தை உறிஞ்சி உப்பும். அல்லது மேல் கீலின் திருகு தளர்ந்து கதவு ஒரு நூல் இறங்கியிருக்கும். அப்போது நாக்கு, நிலையில் இருக்கும் தகட்டின் ஓட்டையில் விழாமல் விளிம்பில் முட்டும். ஆசாரியைக் கூப்பிட்டு அந்தத் தகட்டை அரம் போட்டுக் கொஞ்சம் அகலப்படுத்தினாலோ, கீலுக்கு நீளமான திருகு போட்டாலோ வேலை முடிந்தது. என் கடைக்குப் புதுப் பூட்டு கேட்டு வந்தவர்களில் பலரை இந்தச் சோதனையைச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். வியாபாரத்துக்கு நஷ்டம்தான், ஆனால் அவர்கள்தான் பிறகு பெயிண்டுக்கும் என்னிடமே வந்தார்கள்.

திறந்த கதவிலும் சாவி இறுகினால் பூட்டைப் பார்க்க வேண்டும். அப்போதும் முழுப் பூட்டையும் மாற்ற வேண்டியது அபூர்வம். நம் வளாகத்தில் வாசல் கதவுகளில் இருப்பது மார்ட்டிஸ் பூட்டு. கதவின் தடிமனுக்குள் புதைந்திருக்கும் பெட்டி ஒன்று, சாவி போகிற சிலிண்டர் ஒன்று, இரண்டு பக்கமும் கைப்பிடி, அவற்றை இணைக்கிற சதுரக் கம்பி. நாலும் தனித்தனியாகக் கிடைக்கும். சாவி தேய்ந்துவிட்டது, தொலைந்துவிட்டது, வாடகைக்கு இருந்தவர் காலி செய்துவிட்டார் என்றால் சிலிண்டரை மட்டும் மாற்றினால் போதும். பத்து நிமிட வேலை.

அந்தச் சிலிண்டரை அளப்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். கதவின் ஓரத்தில், நாக்குக்குக் கீழே, சாவித்துளைக்கு நேராக ஒரு நீளத் திருகு இருக்கும். அதைக் கழற்றுங்கள். சாவியைப் போட்டு லேசாக, கடிகாரத்தில் இரண்டு நிமிஷம் நகர்கிற அளவு திருப்பினால் சிலிண்டர் நடுவில் இருக்கும் சிறு நாக்கு உடம்போடு ஒட்டிக்கொள்ளும். சிலிண்டர் அப்படியே வெளியே வந்துவிடும். இப்போது மொத்த நீளத்தை மட்டும் அளக்காதீர்கள். அந்தத் திருகு நுழைகிற ஓட்டையின் நடுவிலிருந்து வெளிப்பக்க முனை வரை ஒன்று, உள்பக்க முனை வரை ஒன்று என்று இரண்டு அளவு வேண்டும். 30-30 என்றால் மொத்தம் 60 மில்லிமீட்டர். 30-40 என்றால் 70. ஆனால் 35-35ம் 70தான்! கடைக்காரரிடம் வெறும் 70 என்று சொன்னால் அவர் கையில் கிடைத்ததைக் கொடுப்பார், அது ஒரு பக்கம் புடைத்துக்கொண்டு நிற்கும். வெளிப்பக்கம் தகட்டுக்கு மேல் 3 மில்லிமீட்டருக்கு அதிகமாகச் சிலிண்டர் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நீட்டியிருப்பதைக் குறடால் பிடித்து ஆட்டினால், திருகு ஓட்டை இருக்கிற மெலிந்த இடத்தில் அது உடைந்துவிடும். திருடனுக்கு இது தெரியும்.

பெட்டியையே மாற்ற நேர்ந்தால் இன்னும் இரண்டு அளவு. கதவின் ஓரத்திலிருந்து சாவித்துளையின் நடு வரை எவ்வளவு. கைப்பிடிக் கம்பியின் நடுவிலிருந்து சாவித்துளையின் நடு வரை எவ்வளவு. இந்த இரண்டில் ஒன்று பொருந்தாவிட்டாலும் கதவைப் புதிதாகச் செதுக்க வேண்டியிருக்கும். பழைய ஓட்டை அசிங்கமாகத் தெரியும். சதுரக் கம்பி பெரும்பாலும் 8 மில்லிமீட்டர், பழைய பூட்டுகளில் அதைவிட மெல்லியதும் உண்டு. எல்லாவற்றையும் விட நல்ல வழி, கழற்றிய பாகத்தைப் பையில் போட்டுக் கடைக்கு எடுத்துக்கொண்டு போவது. போனில் படம்தான் காட்டப் போகிறீர்கள் என்றால் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து எடுங்கள்.

படம் என்றதும் இன்னொன்று. நம் வாட்ஸ்அப் குழுவில் "இந்தச் சாவி லிஃப்டில் கிடந்தது, யாருடையது?" என்று படம் போடுகிறோம். நல்ல எண்ணம்தான். ஆனால் சாவியின் படத்தை வைத்தே நகல் செய்துவிடலாம் என்று 2008ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் சான் டியாகோ கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் செய்து காட்டிவிட்டார்கள். சாவிக்கொத்தின் வளையத்தை மட்டும் படமெடுங்கள், பற்கள் தெரிய வேண்டாம்.

இப்போது உலோகம். விலை குறைந்த கைப்பிடிகள் துத்தநாகக் கலவையில் வார்த்து மேலே குரோமியம் பூசியவை. பூச்சில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் போதும், உப்பு உள்ளே போய்க் கொப்புளம் எழுப்பும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றாலும் எல்லாம் ஒன்றல்ல. 202 என்பது மலிவான ரகம், இங்கே வேண்டாம். 304 வீட்டுக்குள் தாராளமாகப் போதும். கடலைப் பார்த்த பால்கனிக் கதவுக்கும் மொட்டை மாடிக் கதவுக்கும் 316 கிடைத்தால் வாங்குங்கள். அதில் மாலிப்டினம் 2 முதல் 3 சதவீதம் சேர்ந்திருப்பதால் உப்பைத் தாங்கும். சில கடைகளில் காந்தத்தை வைத்துக் காட்டி, "ஒட்டவில்லை பாருங்கள், 304தான்" என்பார்கள். 202லும் காந்தம் சரியாக ஒட்டாது. காந்தத்தை நம்பாதீர்கள், பெட்டியிலும் பில்லிலும் எண் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். சிலிண்டர் உடம்பு பித்தளையாக இருக்கட்டும். கையில் எடுத்தாலே கனம் தெரியும். திருகுகளையும் ஸ்டெயின்லெஸில் தனியாக வாங்கிவிடுங்கள். பித்தளைத் தகட்டில் சாதாரண இரும்புத் திருகு போட்டால், உப்பு ஈரத்தில் முதலில் அரித்துப் போவது அந்தத் திருகுதான். பிறகு கழற்றவே முடியாது.

இவ்வளவு நேரம் சொன்னதை விட இனிச் சொல்வது முக்கியம், கொஞ்சம் கவனியுங்கள். போன மழைக்காலத்தில் நம் வளாகத்தில் தனியாக இருந்த ஒரு வயதான அம்மா வீட்டுக்குள் விழுந்துவிட்டார். மகள் பதறிக்கொண்டு வந்தார், அவரிடம் மாற்றுச் சாவியும் இருந்தது. ஆனால் அந்த அம்மா வழக்கம்போல உள்ளே சாவியைப் பூட்டிலேயே விட்டிருந்தார். சாதாரணச் சிலிண்டரில் ஒரு பக்கம் சாவி இருந்தால் மறுபக்கத்துச் சாவி வேலை செய்யாது. நிலையை உடைத்து உள்ளே போக முக்கால் மணி நேரம் ஆனது. அந்த அம்மா இப்போது நலம், இங்கேயும் வந்திருக்கிறார். அவர் அனுமதியோடுதான் சொல்கிறேன்.

இதற்குத் தீர்வு இருக்கிறது. உள்ளே சாவி இருந்தாலும் வெளியிலிருந்து திறக்கும் சிலிண்டர் என்று கேட்டு வாங்குங்கள். கடைகளில் எமர்ஜென்சி ஃபங்ஷன் என்பார்கள். வாங்கும்போதே இரண்டு பக்கமும் சாவியைப் போட்டுத் திருப்பிப் பார்த்துவிடுங்கள். அல்லது வெளியே சாவி, உள்ளே கையால் திருகும் குமிழ் உள்ளது வாங்குங்கள். தீப்பிடித்துப் புகை சூழ்ந்த நேரத்தில் உள்ளே இருப்பவர் சாவியைத் தேடக் கூடாது, அதற்கும் இதுவே நல்லது. கதவுக்குப் பக்கத்தில் கை எட்டும் கண்ணாடியோ கம்பி இடைவெளியோ இருந்தால் மட்டும் குமிழ் வேண்டாம். அப்புறம், பெரியவர்கள் இருக்கும் வீட்டில் இரவு மேல் தாழ்ப்பாளையும் போட்டுவிட்டால் எந்தச் சாவியும் உதவாது. அதை அவர்களிடம் பேசிப் புரிய வைக்க வேண்டியது பிள்ளைகள் பொறுப்பு.

குளியலறைக்கும் இதே கவலைதான். அங்கே தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு, வெளிப்பக்கம் நாணயத்தையோ திருப்புளியையோ வைத்துத் திருப்பித் திறக்கும் வரிப்பள்ளம் உள்ள பூட்டைப் போடுங்கள். சின்னக் குழந்தைகள் உள்ளே மாட்டிக்கொண்டு அழும்போதும் அதுதான் கைகொடுக்கும். உருண்டைக் குமிழ் பூட்டு என்றால் கதவு ஓரத்திலிருந்து ஓட்டை நடு வரை 60 மில்லிமீட்டரா 70 மில்லிமீட்டரா என்று அளந்துகொண்டு போங்கள். குளியலறையில் ஆசிட் ஊற்றிக் கழுவிவிட்டுக் கதவைச் சாத்தி வைக்காதீர்கள். அந்த ஆவி ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையும் விடாது.

எண்ணெய் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் இரண்டும் சாவித்துளைக்கு ஆகாது. சில நாளில் தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும். கிராஃபைட் பொடி சின்னக் குப்பியில் கிடைக்கிறது. இல்லையென்றால் சாவியின் மேல் பென்சிலால் நன்றாகத் தேய்த்து நாலைந்து தடவை போட்டு எடுங்கள், அதுவும் கிராஃபைட்தான். கைப்பிடிகளை வாரம் ஒரு முறை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றிவிடுங்கள்.

கைரேகைப் பூட்டு வாங்கலாமா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். வாங்கலாம், ஆனால் சாவியாலும் திறக்கும் வழி இருக்க வேண்டும். கடலைப் பார்த்த கதவில் வேண்டாம்.

மொட்டை மாடி, மோட்டார் அறைக்கு நம் சங்கம் வாங்கியிருப்பது தொங்கு பூட்டுகள். திண்டுக்கல் பூட்டு போடலாமே என்று ஒருவர் கேட்டார். 2019ல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டு அது, கைவேலை, எனக்கும் பிரியம்தான். ஆனால் அதற்கு உதிரி பாகம் கடையில் கிடைக்காது, சாவி தொலைந்தால் செய்கிறவரிடமே போக வேண்டும். ஐந்து பேர் மாறி மாறிச் சாவி கேட்கும் மோட்டார் அறைக்கு அது சரிப்படாது. வீட்டுப் பரணில் இருக்கும் பெட்டிக்குப் போடுங்கள்.

வரும் இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் காலை பத்து மணியிலிருந்து கிளப் ஹவுஸில் இருப்பேன். ஸ்கேலும் திருப்புளியும் என்னிடம் இருக்கும். சிலிண்டரைக் கழற்றிக் கொண்டு வருகிறவர்கள், வீட்டில் யாராவது ஒருவரை இருக்கச் சொல்லிவிட்டு வாருங்கள்.