பீம ரதத்துக்கு ஒரே ஒரு ஸ்கெட்ச்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



சாலிட் மாடலிங் பற்றிப் பேசச் சொன்னார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்றும் சொன்னார்கள். ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நாங்கள் படித்தபோது டிராயிங் போர்டும் டி-ஸ்கொயரும்தான். பிளான், எலிவேஷன், சைடு வியூ மூன்றையும் தாளில் போட்டுவிட்டுப் பொருளை மனசுக்குள் கட்டிக்கொள்ள வேண்டும். இப்போது அது தலைகீழ். பொருளைக் கம்ப்யூட்டரில் கட்டிவிட்டால் மூன்று வியூவையும் அதுவே கொடுத்துவிடுகிறது. கோடுகளால் ஆன படத்துக்கு எது உள்ளே, எது வெளியே என்று தெரியாது. சாலிடுக்குத் தெரியும். அதனால்தான் எடையும் ஈர்ப்பு மையமும் கேட்டவுடன் சொல்கிறது. 1970-களில் கேம்பிரிட்ஜில் இயன் பிரெய்டும், அமெரிக்காவின் ராசெஸ்டரில் ஹெர்பர்ட் வோல்கரின் குழுவும் போட்ட அடித்தளம் இது. முன்னவர் பொருளை அதன் முகங்கள், விளிம்புகளால் எழுதி வைத்தார். பின்னவர்கள் கட்டை, உருளை போன்றவற்றைக் கூட்டியும் கழித்தும் உருவம் செய்தார்கள்.

கழிப்பது என்றதும் எனக்கு மாமல்லபுரம்தான் ஞாபகம் வரும். செங்கல்பட்டுக்காரனுக்கு வேறெது வரும்! திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்தால் போய்விடலாம். ஐந்து ரதங்களை ஆயிரம் முறை பார்த்திருப்பீர்கள். அடுத்த முறை மாடலிங் கண்ணோடு பாருங்கள்.

சுமார் 42 அடி நீளமுள்ள பீம ரதத்தின் கூரையை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டிக் கூண்டு மாதிரி. பக்கச் சுவரில் தெரியும் அந்த வளைவை ஒரே ஒரு ஸ்கெட்ச் போட்டு நீளவாட்டில் எக்ஸ்ட்ரூட் செய்தால் கூரையின் அடிப்படை உருவம் வந்துவிடும். நகுல சகாதேவ ரதம் தூங்கானை மாடம். முன்பாதி நேர், பின்பாதி அரைவட்டம். அதே மாதிரி வளைவை முன்னால் எக்ஸ்ட்ரூட், பின்னால் 180 டிகிரி ரிவால்வ். பக்கத்திலேயே கல் யானை நிற்கிறது, உருவத்தை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். திரௌபதி ரதத்தின் குடிசைக் கூரை கொஞ்சம் மக்கர் பண்ணும். சதுரத்திலிருந்து உச்சிக்கு வளைந்து போகிறது, அதற்கு லாஃப்ட் வேண்டும். தர்மராஜ ரதத்தின் எட்டுப்பட்டைச் சிகரத்தில் ஒரு பட்டையைச் செய்தால் போதும், மீதி ஏழும் பேட்டர்ன்.

பல்லவச் சிற்பிக்கு இதில் ஒரு கட்டளைதான் உண்டு: கட். திரௌபதி ரதத்திலிருந்து தர்மராஜ ரதம் வரை நான்கும் ஒரே பாறையின் சரிவில் வெட்டியவை. வெட்டியதை ஒட்ட முடியாது. மேலிருந்து கீழே வந்தார்கள் என்பதற்குச் சாட்சி தர்மராஜ ரதமே: மேல் தளங்கள் முடிந்திருக்கின்றன, அடித்தளம் முடியாமலே நிற்கிறது. எதை முதலில் செய்வது, எதைக் கடைசிக்கு வைப்பது என்பது உளி எடுப்பதற்கு முன்பே தீர்மானமாகியிருக்க வேண்டும்.

நம்மிடம் கன்ட்ரோல்-இசட் இருக்கிறது. அதனாலேயே நாம் யோசிப்பதில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், வேலைக்கு ஆள் எடுக்கும் மேஜையின் அந்தப் பக்கம் பல வருஷம் உட்கார்ந்தவன் நான். ஒரு பையன் வந்தான், கையில் மூன்று சாஃப்ட்வேர் சர்டிபிகேட். ஒரு பிராக்கெட் செய்யச் சொன்னோம். பத்தே நிமிஷத்தில் பிரமாதமாகச் செய்தான். "தம்பி, இந்த தடிமனை 8-லிருந்து 10 ஆக்குப்பா" என்றேன். மாற்றினான். மரம் முழுக்கச் சிவப்பு, ஓட்டைகள் எங்கேயோ போய்விட்டன. முதலிலேயே ஃபில்லெட் போட்டு, அந்த ஃபில்லெட் விளிம்பிலிருந்து ஓட்டைக்கு அளவு கொடுத்திருந்தான். ஸ்கெட்சில் பாதிக் கோடுகளுக்கு அளவே இல்லை, சும்மா மிதந்துகொண்டிருந்தன. பையன் முகம் வாடிப்போனது இன்னும் கண்ணில் நிற்கிறது. அவனைக் குறை சொல்ல மாட்டேன். பட்டன் எங்கே இருக்கிறது என்று சொல்லிக் கொடுத்தவர்கள், எந்த வரிசை என்று சொல்லித் தரவில்லை.

நான் மட்டும் என்ன ஒழுங்கு? வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு அலுமினியக் கட்டையில் சதுரப் பள்ளம் வரைந்து கொடுத்தேன், உள்மூலைகள் கூராக. டூல்ரூம் ஃபோர்மேன் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "சதுரமாச் சுத்துற கட்டர் எங்க தம்பி விக்கிது?" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எண்ட் மில் வட்டமாகச் சுற்றும், மூலையில் அதன் ஆரம் நிற்கத்தான் செய்யும். கம்ப்யூட்டர் இதைத் தடுக்கவில்லை, கேட்டதைச் செய்தது. அன்றிலிருந்து எந்தக் கட் கொடுத்தாலும் எந்த டூல் அங்கே போகும் என்று கேட்டுக்கொண்டுதான் கொடுக்கிறேன்.

சாஃப்ட்வேர் விலை எட்டாது என்று யாரும் சொல்ல வேண்டாம். 2002-ல் தொடங்கிய ஃப்ரீகேட் இலவசம். 2024 நவம்பரில் அதன் 1.0 பதிப்பும் வந்துவிட்டது. ஸ்கெட்ச் முழுதும் கட்டுப்பட்டதும் கோடுகள் பச்சையாகும். பச்சையாகாமல் அடுத்த ஸ்டெப்புக்குப் போகாதீர்கள்.

மாணவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம்: நகுல சகாதேவ ரதம். அளவு துல்லியமாக வேண்டாம், ரதத்தில் ஏறி டேப் பிடித்தால் தொல்லியல் துறைக் காவலர் விரட்டுவார்! கண்ணால் பார்த்த விகிதம் போதும். செய்து முடித்ததும் நீளத்தை மட்டும் ஒன்றரை மடங்காக்குங்கள். சிவப்பு வராதவர்கள் சாயந்திரம் என்னிடம் வந்து காட்டுங்கள். வந்தவர்களும் வரட்டும், சேர்ந்து சரி பண்ணுவோம்.