"என்னைத் தெரியுதா?" என்று கேட்காதீர்கள்



நூற்றாண்டு விழாவில் ஏதாவது பேசு என்றார்கள். மூளையைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். பொருத்தம்தான், காலையிலிருந்து நாம் எல்லோரும் முகத்தைப் பார்த்துவிட்டுப் பெயரைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

நான் ஒன்பதாம் ஆண்டு படிக்கும்போது, இறப்பர் தோட்டத்தில் முப்பது வருடம் பால் வெட்டிய என் அம்மாயிக்குப் பாரிசவாதம் வந்தது. கைகால் தேறிவிட்டது. ஆனால் வீட்டுக்கு வந்தவர் என்னைப் பார்த்து, "யாரும்மா நீ?" என்றார். லயத்தில் சிலர் காத்துக்கருப்பு என்றார்கள், சிலர் நடிப்பு என்றார்கள். எனக்கோ ரோஷம். ஒரு கிழமை பேசவே இல்லை. பிறகு ஒருநாள் மறதியாக, "அம்மாயி, தேத்தண்ணி" என்று கூப்பிட்டேன். "வந்துட்டியா தாயி? எங்க போயிருந்த இத்தனை நாளா?" என்றார்.

மருத்துவ பீடத்துக்குப் போன பிறகுதான் விளங்கியது. மூளையின் பின்புற அடிப்பக்கத்தில் முகங்களை இனங்காணும் பகுதி இருக்கிறது. அது பழுதானால் கண், மூக்கு, பொட்டு எல்லாம் தெரியும்; யாருடைய முகம் என்பது மட்டும் தெரியாது. குரல் வேறு வழியால் போகிறது. அந்த வழியைத்தான் நான் ஒரு கிழமை அடைத்து வைத்திருந்தேன்.

பொருட்களும் அப்படித்தான். பால் வெட்டும் கத்தியைத் தூரத்தில் காட்டினால் "ஏதோ இரும்பு" என்பார். கையில் கொடுத்தால் விரல் தானாகப் பிடிக்கும். "நம்ம கத்தி" என்பார். லயத்து வரிசையில் எங்கள் வாசல் எது என்பதிலும் தடுமாறினார்.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்காவில் ஆய்வு செய்த வி. எஸ். இராமச்சந்திரன், ஹெர்ஸ்டைன் என்பவருடன் சேர்ந்து 1997இல் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். விபத்தில் தலையில் அடிபட்டவர். தந்தையைப் பார்த்து, அச்சாக அப்பா மாதிரியே இருக்கிறார், ஆனால் வேறு ஆள் என்றார். தொலைபேசியில் பேசினால் அப்பாதான் என்று ஏற்றுக்கொண்டார். முகம் தெரிகிறது, அதைக் கண்டதும் எழ வேண்டிய பாசம் எழவில்லை என்பது இராமச்சந்திரன் தந்த விளக்கம். பிரெஞ்சு வைத்தியர் காப்கிரா 1923இலேயே இப்படியொரு நிலையை விவரித்திருக்கிறார்.

இன்றும் வார்டில் பார்க்கிறேன். பிள்ளைகள் கட்டிலைச் சுற்றி நின்று, "என்னைத் தெரியுதா? நான் யாரு, சொல்லு" என்று பரீட்சை வைக்கிறார்கள். வேண்டாம். கிட்டப் போய், கையைப் பிடித்து, "அம்மா, மூத்தவ வந்திருக்கேன்" என்று நீங்களே சொல்லுங்கள். திடீரென்று ஒருவருக்கு ஆள் அடையாளம் தெரியாமல் போனால், அந்த நேரமே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். மந்திரிப்பதைப் பிறகு பார்க்கலாம்.

அம்மாயி இன்னும் ஐந்து வருடம் இருந்தார். பாடசாலை விட்டு வந்தால் இஸ்தோப்பில் ஏறுமுன்பே கூப்பிடுவேன். "வந்துட்டியா தாயி" என்பார், திரும்பிப் பார்க்காமலே.