‘ஃபெர்லிக்தெ’யை அரசிதழோடு வைத்துப் படிப்போம்



  ‘அரசியலில் கடன்சொற்கள்’ என்பது இந்தக் கருத்தரங்கின் பொருள். ‘அபார்தைட்’ உலகைச் சுற்றிவந்த கதைக்குத் தனி அமர்வே இருப்பதால் அதை நான் தொடப்போவதில்லை. அதே ஆப்பிரிக்கான்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலப் பத்திரிகைகள் எடுத்துப் பரப்பிய ‘ஃபெர்லிக்தெ’ என்ற சொல்லைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

அதன் பிறப்பு நீங்கள் அறிந்ததே. 1966 செப்டம்பரில் தென்னாப்பிரிக்கப் பிரதமர் ஃபெர்வூர்ட் நாடாளுமன்றத்துக்குள்ளேயே குத்திக் கொல்லப்பட்டார். ஃபோர்ஸ்டர் பதவிக்கு வந்தார். அடுத்த மாதம் வில்லெம் டி கிளார்க், பின்னாளில் குடியரசுத் தலைவரான எஃப். டபிள்யூ. டி கிளார்க்கின் அண்ணன், ஓர் உரையில் தம் இனத்தாரான ஆப்பிரிக்கானரை இரண்டாகப் பிரித்துக் காட்டினார்: அறிவொளி பெற்ற ஃபெர்லிக்தெ, இறுகிப்போன ஃபெர்க்ராம்ப்தெ. நாம் முதலாவதற்குச் ‘சீர்திருத்தவாதி’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

முந்தைய கருத்தரங்கு ஒன்றில், நான் பெரிதும் மதிக்கும் மூத்த அறிஞர் ஒருவர் இன்னும் ஒருபடி மேலே போய், ஃபெர்லிக்தெயினரைத் தென்னாப்பிரிக்கத் தாராளவாதத்தின் ஆப்பிரிக்கானர் கிளை என்றார். அவருடைய உழைப்புக்கு நாம் அனைவரும் கடன்பட்டவர்கள். ஆனாலும் அந்த முடிவை என்னால் ஏற்க இயலவில்லை. சொல் பிறந்த 1966 உரையில் வில்லெம் டி கிளார்க் ஃபெர்லிக்தெயினர் பக்கம் நிற்கவே இல்லை. இரு சாராரையும் குறைகூறி, நடுவழி ஒன்றைத்தான் பரிந்துரைத்தார். பாராட்டுப் பட்டமாக அந்தச் சொல்லை மாற்றியவர்கள் பின்னால் வந்தவர்கள்.

அந்த இரு சாராரும் எதற்காக மோதிக்கொண்டார்கள்? நியூசிலாந்து ரக்பி அணியில் மாவோரி வீரர்கள் வரலாமா, மலாவியின் கறுப்பினத் தூதர் தலைநகரில் குடியிருக்கலாமா என்பவை போன்ற கேள்விகளுக்காக. 1969இல் ஃபெர்க்ராம்ப்தெயினரின் தலைவர் ஆல்பர்ட் ஹெர்ட்சோக் ஆளும் தேசியக் கட்சியிலிருந்து பிரிந்துபோய்த் தனிக்கட்சி தொடங்கும் அளவுக்கு அது முற்றியது. பெரும்பான்மை மக்களுக்கு வாக்குரிமை உண்டா என்ற கேள்வி அந்தச் சண்டையில் எழவே இல்லை. அதற்கு ஓராண்டு முன்பு, 1968இல், பல இனத்தவர் ஒரே கட்சியில் இருப்பதைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. ஆலன் பேட்டனின் லிபரல் கட்சி தன்னைக் கலைத்துக்கொண்டது. சட்டத்தைக் கொண்டுவந்தது ஃபெர்லிக்தெயினர் விட்டு விலகாமல் இருந்த தேசியக் கட்சி. தாராளவாதத்தின் கிளை என்றால், மரம் வெட்டப்பட்டபோது அது எங்கே இருந்தது?

பேயர்ஸ் நௌடேயைப் பாருங்கள். ஆப்பிரிக்கானர், மதகுரு, புரூடர்பாண்ட் என்னும் இரகசிய அமைப்பில் உறுப்பினராக இருந்தவர். அதைவிட்டு வெளியேறி 1963இல் கிறிஸ்தவ நிறுவனத்தை நிறுவினார். 1977இல் அந்த நிறுவனத்தையும் அரசு தடைசெய்தது, அவரையும் முடக்கியது. அவரை யாரும் ஃபெர்லிக்தெ என்று அழைக்கவில்லை. துரோகி என்றே அழைத்தார்கள். வேலிக்குள் நின்றவர்களுக்கே அந்தச் சொல் கிடைத்தது.

நாம் புறக்கணித்துவரும் ஒரு சான்று இருக்கிறது: தென்னாப்பிரிக்க அரசிதழ். தலையங்கங்களையும் மேடைப் பேச்சுகளையும் தேடித்தேடிப் படிக்கிறோம், அறிவிப்புகளைப் புரட்டுவதில்லை. அந்தச் சொல் பிறந்த அதே 1966இல், பிப்ரவரி 11 அன்று, கேப்டவுனின் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் வெள்ளையர் பகுதி என அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டுகளில் அங்கிருந்து 60,000க்கும் மேற்பட்டோர் அகற்றப்பட்டார்கள். அப்போது இதற்குப் பொறுப்பான அமைச்சர் பி. டபிள்யூ. போத்தா. பிரதமரான பிறகு வெளிநாட்டு ஏடுகள் ‘சீர்திருத்தக்காரர்’ என்று எழுதியதும் இவரைத்தான்.

அந்தச் சீர்திருத்தத்தின் உச்சமாகச் சொல்லப்படுவது 1984இன் மூன்று அவை நாடாளுமன்றம். வெள்ளையருக்கு 178 இடங்கள், கலப்பினத்தாருக்கு 85, இந்தியருக்கு 45. பின்னிரண்டு அவைகளும் ஒன்றுசேர்ந்தாலும் 130தான். கறுப்பின மக்களுக்கு ஓர் இடமும் இல்லை. டர்பனை அடுத்த சாட்ஸ்வர்த் போன்ற இடங்களில், முன்பே வீடிழந்து குடியமர்த்தப்பட்டிருந்த இந்தியர்களுள் தமிழர்கள் ஏராளம். இந்திய வாக்காளர்களில் மிகப் பெரும்பாலோர் 1984 ஆகஸ்டில் தங்கள் அவைக்கு நடந்த தேர்தலில் வாக்குச்சாவடிப் பக்கமே போகவில்லை. ஃபெர்லிக்தெ அரசியலின் மீது எழுதப்பட்ட மிகக் கூரிய விமர்சனம் அதுதான் என்பேன். நம் கட்டுரைகளில் அதற்கு ஓர் அடிக்குறிப்புகூட இல்லை என்பது எனக்கு வருத்தம்.

ஃபெர்லிக்தெயினரால் எந்தப் பயனும் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஃபெர்க்ராம்ப்தெயினர் பிரிந்து 1969லும் 1982லும் தேசியக் கட்சி உடைந்திராவிட்டால் 1990இன் அரசியல் மாற்றம் அப்படி வந்திருக்காது. வில்லெம் டி கிளார்க்கே 1980களின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் தாபோ எம்பெக்கியோடு இரகசியமாகப் பேசிய ஆப்பிரிக்கானர் குழுவில் இருந்தார். 1989இல் ஜனநாயகக் கட்சியைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரானார். ஆனால் அங்கே போய்ச்சேர அவர் தேசியக் கட்சியின் வேலியைத் தாண்டவேண்டியிருந்தது.

இன்றைய முதல் அமர்வுக் கட்டுரைகளில் ‘சீர்திருத்தவாதி’ என்று வருமிடமெல்லாம், அவர் எந்த ஆண்டில் எந்தச் சட்டத்தை எதிர்த்தார் என்பதையும் கட்டுரையாளர்கள் சேர்த்துச் சொல்லவேண்டும் என்று கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.