வானொலி தந்த இசையாளர் பேர்னாட் ஹெர்மன்

ஹொலிவூட் படங்களுக்கு இசை வகுத்த முன்னோடிகள் பலர் நாடக அரங்கிலிருந்து வந்தவர்கள். பேர்னாட் ஹெர்மனோ வானொலியிலிருந்து வந்தவர். 1911ஆம் ஆண்டு நியூயோர்க்கிற் பிறந்த அவர், 1934இல் சீ.பீ.எஸ். வானொலியிற் சேர்ந்து, பின்னர் ஓசன் வெல்ஸின் வானொலி நாடகங்களுக்கு இசையமைத்தார். காட்சியைக் காணாத நேயருக்கு ஓரிரு சுரங்களாலேயே இருளையும் அச்சத்தையும் உணர்த்த வேண்டிய பணி அது. நீண்ட இன்னிசைக்கு அங்கே இடமேது? அந்தப் பயிற்சியே 1941இல் வெல்ஸின் 'சிற்றிசன் கேன்' படத்திலும், 1959இல் தொடங்கிய 'ருவைலைற் சோன்' தொலைக்காட்சித் தொடரிலும் அவருக்குக் கைகொடுத்தது.

1960இல் வெளிவந்த 'சைக்கோ'வுக்கு நரம்பு வாத்தியங்களை மாத்திரமே அவர் கையாண்டார், குழலுமில்லை, முழவுமில்லை. குளியலறைக் கொலைக் காட்சிக்கு இசையே வேண்டாமென்பது நெறியாளர் ஹிச்கொக்கின் எண்ணம். ஹெர்மன் அதை மீறி எழுதினார். வயலின்கள் வீரிட்டலறும் அவ்விசையைக் கேட்ட ஹிச்கொக், தம் எண்ணத்தை மாற்றிக்கொண்டார். பெருந்தன்மைதான்.

ஆயின், 1966இல் 'ரோன் கேர்ட்டின்' படத்துக்கு இளைஞரைக் கவரும் நவீன இசை வேண்டுமெனக் கேட்கப்பட்டபோதும் ஹெர்மன் தம் மனம்போலவே எழுதினார். இம்முறை ஒலிப்பதிவு இடையில் நிறுத்தப்பட்டது, வேறொருவர் அமர்த்தப்பட்டார். 'சைக்கோ'விலே துணிவாகத் தோன்றியது இங்கே பிடிவாதமாகிவிட்டது. பத்தாண்டுக் கூட்டுறவும் அத்துடன் முறிந்தது.

1975 டிசெம்பர் 23ஆம் நாள், 'ரக்சி டிரைவர்' படத்தின் இசைப்பதிவை முடித்துக்கொண்டு விடுதிக்குத் திரும்பிய ஹெர்மன், பொழுது விடியுமுன் உறக்கத்திலேயே காலமானார். படம் மறு ஆண்டு திரைக்கு வந்தது.