சத்தம் போடாத பெட்டி
(ஆரணியில் நடந்த குறுவள மையக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வகுப்பறையில் திரைக் கருவிகள் என்ற தலைப்பில் பேசச் சொன்னார்கள். அதில் ஒரே ஒரு பொருளைத்தான் எடுத்துக்கொள்ளப் போகிறேன். டிவிக்குப் பின்னாலோ புரொஜெக்டருக்குப் பக்கத்திலோ நாம் வைக்கிற கணினி. அது எவ்வளவு இரைகிறது, அதை நாம் எங்கே நின்று இயக்குகிறோம் என்ற இரண்டு கேள்விதான் என்னுடையது. வாங்கும்போது இந்த இரண்டையும் நான் கேட்கவில்லை. அதனால் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

முன்னாள் மாணவர்கள் எங்கள் பள்ளிக்கு ஒரு டிவி வாங்கிக் கொடுத்தார்கள். அதற்கு ஒரு கணினி வேண்டும் என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசி, பெற்றோர் சேர்த்துக் கொடுத்த பணத்தில் பழைய கணினி ஒன்றை வாங்கினேன். நின்ற வடிவப் பெரிய பெட்டி. பெற்றோரில் பலர் கூலிக்குத் தறி நெய்பவர்கள். அவர்கள் பணம் வீணாகக் கூடாதே என்று, குறைந்த விலைக்கு அதிக நினைவகம், பெரிய ஹார்டு டிஸ்க் என்று பார்த்துப் பார்த்து வாங்கினேன். உள்ளே மூன்று விசிறி. கடையில் தெருச் சத்தத்துக்கு நடுவே அதன் இரைச்சல் காதில் விழவே இல்லை. வகுப்பில் கதவைச் சாத்தி ஓடவிட்டபோதுதான் விழுந்தது. "பழகிவிடும்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நம் ஊரில் அப்படி நினைப்பது எளிது. பிள்ளைகளில் பாதிப் பேர் தறிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். கூடத்தில் குழித்தறி, மேலே ஜக்கார்டு பெட்டி, பக்கத்து வீட்டில் விசைத்தறி. அந்தச் சத்தத்தில்தான் வீட்டுப்பாடம் எழுதுகிறார்கள். இவர்களுக்கு ஒரு விசிறிச் சத்தமா பெரிது?

ஒரு நாள் படம் முடிந்ததும், கணினியை நிறுத்தாமலே ஏழாம் வகுப்புக்குச் சொல்வதை எழுதச் சொன்னேன். பத்துச் சொல். 'பட்டு' என்று சொன்னேன். கடைசி இரண்டு பெஞ்சில் நான்கு பேர் 'பத்து' என்று எழுதியிருந்தார்கள். ஆரணியில், பட்டு நெய்யும் வீட்டுப் பிள்ளைகள்! கணினியை நிறுத்திவிட்டு அதே மாதிரி வேறு பத்துச் சொல் கொடுத்தேன். அந்த வகைப் பிழை ஒன்றுகூட வரவில்லை. இதில் விந்தை ஒன்றுமில்லை. உயிரெழுத்து உரத்து ஒலிக்கும். ட், த், ச் போன்ற மெய்யொலிகள் மெலிந்தவை. விசிறியின் 'உஸ்' என்ற இரைச்சல் முதலில் விழுங்குவது அவற்றைத்தான். அந்தச் சொல் ஏற்கெனவே தெரிந்த பிள்ளை ஊகித்துக்கொள்ளும். புதுச் சொல் கற்கும் பிள்ளையால் முடியாது. நாம் வகுப்பில் சொல்வதில் பாதி புதுச் சொல்தானே?

உலக சுகாதார நிறுவனம் 1999-ல் வெளியிட்ட இரைச்சல் வழிகாட்டுதலில் வகுப்பறையின் பின்னணி இரைச்சல் 35 டெசிபலைத் தாண்டக்கூடாது என்கிறது. நாம் இயல்பாகப் பேசினால் ஒரு மீட்டர் தூரத்தில் ஏறத்தாழ 60 டெசிபல் இருக்கும். கடைசி பெஞ்சுக்குப் போவதற்குள் அது நன்றாகக் குறைந்துவிடும். குழந்தைக்குத் தெளிவாகக் கேட்க வேண்டுமானால் பேச்சு, பின்னணியைவிட 15 டெசிபலாவது மேலே நிற்க வேண்டும் என்பது செவித்துறையினர் சொல்லும் கணக்கு. சிமென்ட் தரை, வெறும் சுவர், எதிரொலி எல்லாம் தனி.

அடுத்ததுதான் எனக்கு இன்றைக்கும் உறுத்துவது. அதே வகுப்பில் காதுக் கருவி போட்ட ஒரு மாணவி இருக்கிறாள். அவளுக்கு வசதியாக இருக்கட்டும் என்று முதல் பெஞ்சில், மேசை ஓரமாக உட்கார வைத்திருந்தோம். கணினிப் பெட்டி இருந்ததும் அதே மேசைக்கடியில். படம் ஓட ஆரம்பித்தால் கருவியைக் கழற்றிப் பையில் போட்டுவிடுவாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்து இரண்டு முறை கண்டித்தேன். வாரம் ஒரு நாள் வரும் சிறப்பாசிரியைதான் அவளிடம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுச் சொன்னார்: "டீச்சர், அந்தப் பெட்டிச் சத்தம் காதுக்குள்ளேயே ஓடுதாம்." காதுக் கருவி பேச்சை மட்டும் தேர்ந்தெடுத்துப் பெரிதாக்குவதில்லை, அருகில் இருக்கிற இரைச்சலையும் சேர்த்தே பெரிதாக்குகிறது. உதவி என்று நினைத்து அவளை இரைச்சலுக்கு மிக அருகில் உட்கார வைத்தது நான்.

சரி, எதை வாங்குவது?

வெளிநாடுகளில் வீட்டுக் கூடத்தையே திரையரங்காக ஆக்கிக்கொள்பவர்கள் இருபது ஆண்டுக்கு மேலாக இதே கேள்வியோடு மல்லுக்கட்டி வருகிறார்கள். கணினி இருப்பதே தெரியக்கூடாது, உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு ரிமோட்டில் எல்லாம் நடக்க வேண்டும் என்பது அவர்கள் தேவை. அவர்களுக்கு அது சொகுசு. ஆனால் அவர்கள் கண்டுபிடித்த வழிகள் நமக்கு அப்படியே பயன்படுகின்றன.

முதல் வழி, படத்தை விரிக்கும் வேலையைச் சில்லிலேயே தனியாக அமைந்த பகுதியிடம் விட்டுவிடுவது. நாம் காட்டுகிற வீடியோக்கள் பெரும்பாலும் எச்.264 அல்லது எச்.265 என்ற முறையில் சுருக்கப்பட்டவை. அதை விரிக்கும் பகுதி சில்லில் இருந்தால் மையச் செயலி சும்மா இருக்கும், சூடு ஏறாது, விசிறி தேவைப்படாது. பழைய பெட்டியில் அது சரிவர இல்லை. எல்லாவற்றையும் செயலியே இழுத்துக்கொண்டு, சூடேறி, விசிறியைச் சுழற்றியது. ஆக, நாம் கேட்க வேண்டியது "எவ்வளவு வேகம்?" என்பதல்ல. "இந்த இரண்டு முறையையும் வன்பொருளிலேயே விரிக்குமா?" என்பதுதான்.

இரண்டாவது, சின்னதாக இருந்தால் அமைதியாக இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். உள்ளங்கை அளவுள்ள மினி கணினிகள் இப்போது நிறைய வருகின்றன. இன்டெல் என்100 போன்ற குறைந்த மின்சாரச் சில்லு போட்டவை நம் வேலைக்குத் தாராளம். ஆனால் பலவற்றில் சிறு விசிறி ஒன்று உண்டு. சிறிய விசிறி அதே காற்றைத் தள்ள வேகமாகச் சுழல வேண்டும். அதன் சத்தம் கொசு ரீங்காரம் மாதிரி காதைக் குத்தும். விசிறியே இல்லாமல், உலோக உறையே சூட்டை வெளியேற்றும் வகையாகக் கேட்டு வாங்குங்கள்.

நான் கடைசியில் வாங்கியது ராஸ்பெரி பை 4. இதோ மேசைமேல் இருக்கிறது, சீட்டுக்கட்டு அளவுதான். இங்கிலாந்தில் பள்ளிப் பிள்ளைகள் நிரல் எழுதப் பழக வேண்டும் என்று 2012-ல் வெளியிடப்பட்ட கணினியின் நான்காவது தலைமுறை. அலுமினிய உறை, விசிறி இல்லை, சுழலும் தட்டு இல்லை. சத்தம் போட உள்ளே ஒன்றுமே இல்லை. அதற்குப் பின் வந்த ராஸ்பெரி பை 5 இன்னும் வேகமானது. ஆனால் அதில் எச்.264-ஐ வன்பொருளில் விரிக்கும் பகுதியை எடுத்துவிட்டார்கள். சூடும் அதிகம், விசிறி வைக்கச் சொல்கிறார்கள். புதியதுதான் நல்லது என்று கடைக்காரர் சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

டிவியே 'ஸ்மார்ட்' டிவிதானே, பென் டிரைவைச் செருகினால் போதாதா என்று கேட்பீர்கள். போதுமென்றால் அதுவே நல்லது, எதுவும் வாங்காதீர்கள். எங்கள் டிவி சில கோப்புகளைத் திறக்கவில்லை, தமிழ் வசன வரிகளைக் கட்டம் கட்டமாகக் காட்டியது. அதனால்தான் இது.

இதில் ஓடுவது லிப்ரெஎலெக். கோடி என்ற திரை மென்பொருளை மட்டும் ஏந்தி வரும் சிறிய லினக்ஸ். எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக் கருவிக்காகத் தன்னார்வலர்கள் எழுதத் தொடங்கியது, 2014-ல் கோடி என்று பெயர் மாறியது. பெயர்தான் கோடி, விலை ஒன்றுமில்லை.

இனி இயக்குவதைப் பற்றி. பழைய பெட்டிக் காலத்தில் நான் மேசைக்குப் பின்னால் குனிந்து மவுஸைத் தேடிக்கொண்டே இருப்பேன். பிள்ளைகளுக்கு என் முதுகுதான் தெரியும். ஒரு தடவை தவறான கோப்பைத் திறந்து, என் சம்பளப் பட்டியல் முழுத்திரையில் விரிந்தது. அந்தப் பாடம் வகுப்பில் யாருக்கும் மறக்கவில்லை!

இப்போது டிவி ரிமோட்டே போதும். எச்.டி.எம்.ஐ. கம்பிக்குள் படத்தோடு கட்டளையும் போக ஒரு தனி வழி இருக்கிறது, சி.இ.சி. என்பார்கள். ராஸ்பெரி பையில் அது இயல்பாகவே உண்டு. டிவியின் அமைப்புகளில் அதை இயக்க வேண்டும். அங்கேதான் குழப்பம், ஏனென்றால் ஒவ்வொரு நிறுவனமும் ஒரு பெயர் வைத்திருக்கிறது: சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்ளிங்க், சோனியில் பிராவியா சிங்க். இரண்டு எச்.டி.எம்.ஐ. துளைகளில் மின்சாரத் துளைக்கு அருகில் இருப்பதில் செருகுங்கள். மினி கணினி வாங்குபவர்கள் கவனிக்க: பெரும்பாலானவற்றில் இந்த வசதி கிடையாது, எல்லாப் புரொஜெக்டர்களிலும் இருக்காது. அப்போது யூ.எஸ்.பி. முனையோடு வரும் சிறு ரேடியோ ரிமோட் வாங்கலாம். பெட்டி டிவிக்குப் பின்னால் மறைந்திருந்தாலும் வேலை செய்யும். இல்லையென்றால் கைப்பேசியில் 'கோர்' செயலி. இரண்டும் ஒரே வைஃபையில் இருந்தால் போதும், இணையமே தேவையில்லை.

இதனால் என்ன மாறியது? பட்டுப்புழுவின் வாழ்க்கைச் சுழற்சி பாடத்தைக் கடைசி பெஞ்சுக்குப் பின்னால் நின்று நடத்தினேன். கூடு கட்டி முடித்த இடத்தில் நிறுத்தினேன். "இந்த ஒரு கூட்டில் எவ்வளவு நூல் இருக்கும்?" ஒரு முழம் என்றான் ஒருவன், பத்து மீட்டர் என்றாள் ஒருத்தி. ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்வரை வரும் என்றதும் வகுப்பே திரும்பி என்னைப் பார்த்தது. அடுத்துக் கூடுகளை வெந்நீரில் போடும் காட்சி. அங்கேயும் நிறுத்தினேன். தினம் பாவும் ஊடையும் பார்க்கிற பிள்ளைகள். உள்ளே புழு உயிரோடு இருக்குமா என்று ஒரு பையன் மெதுவாகக் கேட்டான். அந்தக் குரல் எனக்குக் கேட்டது. பழைய பெட்டி ஓடியிருந்தால் கேட்டிருக்காது.

மின்சாரத்தில் இரண்டு பாடம் பட்டுக் கற்றேன். கைப்பேசி சார்ஜரைப் போட்டேன்; திரை மூலையில் மஞ்சள் மின்னல் குறி வந்துகொண்டே இருந்தது. மின்னழுத்தம் போதவில்லை என்று அர்த்தம். இதற்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் தரும் இணைப்பியே வேண்டும். ரூட்டருக்கு வைக்கும் மின்காப்புப் பெட்டி பெரும்பாலும் 12 வோல்ட்; அதை நேராகச் செருகினால் கருவி போய்விடும். இரண்டாவது, மின்தடையில் பட்டென்று நின்றால் எஸ்.டி. அட்டை கெடலாம். எங்களுடையது ஒரு முறை கெட்டது. இப்போது அதே அட்டைக்கு நகல் ஒன்று எடுத்து பீரோவில் வைத்திருக்கிறேன். ரிமோட்டில் முறையாக நிறுத்தும் பொறுப்பு இரண்டு மாணவர்களுடையது.

சிறார் திரைப்பட விழாவை 2022 முதல் நம் பள்ளிகளில் நடத்துகிறோம். படங்களுக்குத் தமிழ் வசன வரி போட முடிந்தால் போடுங்கள். ஆரம்பத்தில் எங்களுக்குக் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. புதிய பதிப்பும் தமிழ் எழுத்துருவும் போட்ட பிறகு சரியாயிற்று. வசனக் கோப்பை யூ.டி.எப்-8 முறையில் சேமிக்க மறக்காதீர்கள்.

பழைய பெட்டி அலுவலக அறைக்குப் போய்விட்டது. எமிஸ் பதிவுக்கு நன்றாக உழைக்கிறது, அங்கே அது எவ்வளவு இரைந்தாலும் யாருக்கும் நட்டமில்லை.

அந்த மாணவி இப்போது படம் ஓடும்போது கருவியைக் கழற்றுவதில்லை. கரும்பலகை வகுப்பில் இன்னும் சில நேரம் கழற்றுகிறாள். எங்கள் வகுப்பின் கூரை விசிறி ஒன்று பேரிங் தேய்ந்து கடகடவென்று ஆடுகிறது. அதை மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

தேநீர் இடைவேளையில் இந்தப் பெட்டியை டிவியில் இணைத்துக் காட்டுகிறேன். உங்கள் பள்ளி டிவியின் மாதிரி எண்ணைக் குறித்து வந்திருந்தால், சி.இ.சி. எந்தப் பெயரில் ஒளிந்திருக்கிறது என்று சேர்ந்தே தேடுவோம்.