இரத்தப் புற்றும் நமது காணிக்கையும்

(பொன்விழா மாலைக் கூட்டத்தில் வின்சென்ட் தே பவுல் சபையார் சார்பில் ஆற்றிய உரை)



பொன்விழா உண்டியல்களுள் ஒன்றை இரத்தப் புற்று நோயாளிகளுக்கென்று நாங்கள் ஒதுக்கியபோது, பிழைக்காத நோய்க்குப் பணம் எதற்கு என்று சிலர் கேட்டனர். நியாயமான கேள்வி. 1947 வரை உலகமே அப்படித்தான் கேட்டது.

அவ்வாண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர் என்னும் மருத்துவர், ஃபோலிக் அமிலம் இந்நோயை வளர்ப்பதைக் கண்டு, அதைத் தடுக்கும் மருந்தைக் குழந்தைகளுக்குக் கொடுக்கத் துணிந்தார். அம்மருந்தை உருவாக்கிய லெடர்லி ஆய்வுக்கூடத்தை நடத்தியவர் யாரென்று நினைக்கிறீர்கள்? நமது சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ்! (இவர் பெயரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?) 16 குழந்தைகளில் 10 பேர் தேறினர். ஆனால் சில மாதங்களே; நோய் திரும்பிற்று. மேலும் ஆராயப் பணம் வேண்டியிருந்தது.

1948 மே 22 அன்று, ஃபார்பரிடம் சிகிச்சை பெற்ற 12 வயதுச் சிறுவன் ஒருவன் வானொலியில் பேசினான். உழவர் வீட்டுப் பிள்ளை. அவனுக்குக் குடலில் நிணநீர்ப் புற்று. அதுவும் இரத்தப் புற்றின் இனமே. பெயரை மறைத்து ஜிம்மி என்றனர். அவன் நேசித்த பேஸ்பால் ஆட்டக்காரர்கள் கட்டிலைச் சுற்றி வந்து நின்றனர். அவர்கள் ஆட்டத்தைக் காண அவனுக்கு ஒரு தொலைக்காட்சிப் பெட்டி வேண்டுமாம்! 20,000 டாலர் சேர்ந்தால் கிடைக்கும் என்றார் நிகழ்ச்சியை நடத்தியவர். சேர்ந்தது 2,00,000 டாலருக்கும் மேல். அந்த நிதி ஆராய்ச்சிக்குப் போயிற்று, பெட்டியும் வந்தது.

ஜிம்மி இறந்திருப்பான் என்றே பலரும் எண்ணினர். 1998-ல், லாரி ஓட்டிப் பிழைத்து, பேரன் பேத்தி கண்ட ஐனார் கஸ்டாஃப்சன், தாமே அந்த ஜிம்மி என்று வெளிப்பட்டார்!

இன்று வசதியுள்ள நாடுகளில், குழந்தைகளுக்குப் பெரிதும் வரும் இரத்தப் புற்றில் 10-க்கு 9 பேர் பிழைக்கின்றனர். நம் நாட்டிலும் மருந்து உண்டு. ஆனால் சிகிச்சை இரண்டு மூன்று ஆண்டுகள் நீள்கிறதே! பஸ் செலவும், அறை வாடகையும், இழந்த கூலியும் தாங்காமல் பாதியில் ஊர் திரும்பும் பெற்றோர் உண்டு. எங்கள் உண்டியல் அவர்களுக்கே. அந்தோனியார் சுரூபத்தின் அருகில் வைத்திருக்கிறோம்.

இரத்தம் கொடுக்க விரும்பும் இளைஞர்கள் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் பெயர் கொடுங்கள். இந்நோயாளிகளுக்கு அடிக்கடி வேண்டிய தட்டணுக்கள் ஏறக்குறைய 5 நாட்களே தங்கும். ஆதலால் எல்லாரும் ஒரே நாளில் வராமல், முறை வைத்து அழைப்போம்.